ஓசூர் எல்லையில் சரக்குக் கணக்கு: டிரான்சிட் பாஸ் முதல் இ-வே பில் வரை

ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் ஜூஜூவாடி. அடுத்து வரும் அத்திப்பள்ளி கர்நாடகத்தைச் சேர்ந்தது. இந்த எல்லையைத் தாண்டும் சரக்குக்கு ஒரு கணக்கு திறக்கப்படுகிறது. சரக்கு உரியவர் கைக்குப் போனால் கணக்கு முடியும்; வண்டி கிளம்பாமலே நின்றுவிட்டால் கணக்கு ரத்தாகும். இரண்டில் எது நடந்தது என்று தகவலே வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு விதி வேண்டும். கணினியின் டேட்டாபேஸில் முதலாவதற்கு கமிட் என்றும் இரண்டாவதற்கு ரோல்பேக் என்றும் பெயர். மூன்றாவதற்கும் அங்கே தனி விதிகள் உண்டு. ஓசூர் எல்லையில் இந்த மூன்றும் முதலில் வரிச் சட்டத்திலும் சோதனைச் சாவடியின் பதிவேட்டிலும் இருந்தன. சர்வருக்குப் போனது பின்னால்தான்.

எல்லையும் வரியும்

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகால் என்ற பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் கம்பெனி வசமாயிற்று. அதன்பின் ஓசூர் சென்னை மாகாணத்தின் ஓரம். அத்திப்பள்ளி மைசூர் சமஸ்தானத்தின் ஓரம். மாகாணத்துக்குள் சரக்கு போகும் வழிகளில் வாங்கிவந்த சுங்கம் 1844இல் ஒழிக்கப்பட்டது.

சாலையில் வரி மறுபடி முளைத்தது விற்பனை வரியின் வழியாக. 1939இல் ராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. வண்டி நகர்வதற்கு இந்த வரி கிடையாது, விற்றால்தான் வரி. ஆகவே விற்பனை எங்கே நடந்தது, எப்போது முடிந்தது என்று தீர்மானிக்க வேண்டிய வேலை அரசுக்கு வந்து சேர்ந்தது. 1956இல் அரசியல் சட்டத்தின் 6ஆவது திருத்தமும் மத்திய விற்பனை வரிச் சட்டமும் மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் விற்பனைக்கு விதி வகுத்தன. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது.

எல்லையைச் சரக்கு மிகுந்த எல்லையாக்கியவை தொழிற்சாலைகள். ஓசூர் அப்போது 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானது 2004இல். 1971இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. பின்தங்கிய பகுதி என்பதால் சலுகைகள் கிடைத்தன, 40 கி.மீ. தொலைவில் பெங்களூரின் சந்தையும் கைதேர்ந்த தொழிலாளர்களும் இருந்தார்கள். 1980இல் இங்கிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. அசோக் லேலண்டின் லாரி ஆலையும் அதே காலத்தது. 1984இல் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் டாடா குழுமமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் தன் கடிகார ஆலையை ஓசூரில் வைத்தது. பெரிய ஆலைகளைச் சுற்றி லேத் பட்டறைகள், பிரஸ் ஷாப்புகள், பெயின்ட் அடிக்கும் கூடங்கள் வளர்ந்தன. ஓசூரில் கடைந்த ஒரு ஷாப்ட் ஹீட் ட்ரீட்மென்டுக்கு எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் பொம்மசந்திராவுக்குப் போய், திரும்பி ஓசூருக்கு வந்து கிரைண்டிங் முடிந்து, பிறகு பெங்களூரில் உள்ள வாடிக்கையாளருக்கே போவது இங்கே சாதாரணம். ஒரே பொருள் மூன்று முறை எல்லையைத் தாண்டுகிறது. அதில் விற்பனை ஒரு முறைதான்.

டிரான்சிட் பாஸ்

கேரளத்திலிருந்து கர்நாடகத்துக்குப் போகும் லாரி ஒன்று கோவைப் பக்கம் க.க. சாவடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து ஜூஜூவாடி வழியாக வெளியேறுகிறது என்று கொள்ளலாம். சரக்கு தமிழ்நாட்டில் விற்கப்படவில்லை என்றால் தமிழ்நாட்டுக்கு வரி இல்லை. வழியில் சேலத்திலோ தர்மபுரியிலோ இறக்கி விற்றுவிட்டால் வரி உண்டு. ஒவ்வொரு லாரியின் பின்னாலும் ஆள் அனுப்ப முடியாது. அதற்காக வந்த ஏற்பாடுதான் டிரான்சிட் பாஸ்.

லாரி முதல் சோதனைச் சாவடியில் நின்று பாஸ் வாங்கும். அதில் சரக்கு, அளவு, மதிப்பு, வண்டி எண், வெளியேறும் சாவடி எல்லாம் எழுதப்படும். கடைசிச் சாவடியில் ஓட்டுநர் அந்தப் பாஸை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் கணக்கு முடிந்தது. ஒப்படைக்காவிட்டால் சரக்கு மாநிலத்துக்குள்ளேயே விற்கப்பட்டதாகச் சட்டம் அனுமானித்து வரி போடும். பல மாநிலங்களில் இதே விதி இருந்தது. உத்தரப் பிரதேச விதியை எதிர்த்து சோதி டிரான்ஸ்போர்ட் நிறுவனம் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. கூடவே ஒன்றைத் தெளிவுபடுத்தியது: அது அனுமானம் மட்டுமே, சரக்கு வெளியேறியது என்று ஆதாரம் காட்டி அதை மறுக்க லாரிக்காரருக்கு இடம் உண்டு.

இந்த விதியில் கவனிக்க வேண்டியது, தகவல் வராத நிலையை அது எந்தப் பக்கம் சாய்க்கிறது என்பது. பாஸ் தொலைந்திருக்கலாம், வண்டி பழுதாகியிருக்கலாம், பதிவேட்டில் குமாஸ்தா எழுத மறந்திருக்கலாம். எதுவானாலும் சாவடியில் பதிவு இல்லையென்றால் விற்பனை நடந்தது என்றே தொடக்கம். இல்லை என்று நிரூபிக்கும் சுமை வண்டிக்காரர் தலையில்.

சி ஃபாரம்

உண்மையாகவே விற்பனை நடந்து, அது மாநிலம் தாண்டிய விற்பனை என்றால் வேறொரு காகிதம் வந்தது. ஓசூர் ஆலை பெங்களூர் வியாபாரிக்கு விற்றால் மத்திய விற்பனை வரி நெடுங்காலம் 4 சதவீதம். 2007 ஏப்ரலில் 3 ஆகவும் 2008 ஜூனில் 2 ஆகவும் அது குறைந்தது. இந்தக் குறைந்த விகிதம் கிடைக்க வாங்கியவர் சி ஃபாரம் தர வேண்டும். அவர் அதைத் தன் ஊர் வணிகவரி அலுவலகத்தில் பெற்று, நிரப்பி, கையெழுத்திட்டு, ஓசூருக்கு அனுப்புவார். ஓசூர் ஆலை அதைத் தன் வரி அதிகாரியிடம் காட்டும்.

சரக்கு ஒரே நாளில் போய்விடும். ஃபாரம் வர மாதக்கணக்காகும், சில சமயம் வராமலே போகும். அதுவரை அந்த விற்பனை முடிந்தும் முடியாத நிலையில் நின்றது. விற்றவர் 2 சதவீதம் என்று நம்பி பில் போட்டிருப்பார். ஃபாரம் வராவிட்டால் முழு வரியையும் அவரே கட்ட வேண்டும். ஓசூரின் கணக்கு அலுவலகங்களில் ஆண்டு முடிவில் நிலுவை சி ஃபாரப் பட்டியல் ஒன்றைப் போட்டு, வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்வது ஒருவருக்குத் தனி வேலையாகவே இருந்தது.

ஐபிஎம் ஆய்வகத்தில்

இதே கேள்விகள் 1970களில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் வேறு உருவில் எழுந்தன. 1974இல் அங்கே சிஸ்டம் ஆர் என்ற டேட்டாபேஸ் திட்டம் தொடங்கியது. ஒரு கணக்கிலிருந்து 1,000 ரூபாய் கழித்து இன்னொரு கணக்கில் சேர்க்கும்போது நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? கழித்தது பதிந்து, சேர்த்தது பதியாமல் போனால் பணம் காற்றில் கரைந்துவிடும். ஆகவே இரண்டு செயல்களையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்ட வேண்டும்: இரண்டும் நடக்கும், அல்லது ஒன்றும் நடக்காது.

இதற்கான வழிமுறைகளை வகுத்தவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே. அந்த ஆய்வின் அடிப்படை எளியது. எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன், பழைய மதிப்பும் புதிய மதிப்பும் லாக் எனும் பதிவேட்டில் எழுதப்பட்டுவிட வேண்டும். பரிவர்த்தனை முடிந்தது என்ற வரி அந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டு வட்டில் ஏறிய கணமே கமிட். அதற்கு முன் எது நின்றாலும், பதிவேட்டைப் பின்னோக்கிப் படித்து பழைய மதிப்புகளைத் திரும்ப வைப்பது ரோல்பேக். 1976இல் கிரேயும் அவருடன் லோரி, புட்சோலு, டிரெய்கர் மூவரும் வெளியிட்ட கட்டுரை இன்னொரு விதியை நிறுவியது: கமிட் ஆகாத மதிப்பை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒருவர் அதைப் பார்த்து அதன்மேல் ஒரு முடிவு எடுத்துவிட்டால், பிறகு அதை ரோல்பேக் செய்வது அவரது முடிவையும் பொய்யாக்கும்.

1981இல் எழுதிய கட்டுரையில் கிரே, பரிவர்த்தனை என்ற கருத்து ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வந்தது என்றார். 1983இல் தியோ ஹார்டரும் ஆண்ட்ரியாஸ் ராய்ட்டரும் அதன் நான்கு குணங்களுக்கும் சேர்த்து ஆசிட் என்ற சுருக்கப் பெயரை வைத்தார்கள். 1986இல் எஸ்க்யூஎல் மொழி அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்டபோது கமிட், ரோல்பேக் இரண்டும் அதில் கட்டளைகளாக இருந்தன.

தரவு ஒரே கணினியில் இல்லாமல் பல ஊர்க் கணினிகளில் இருந்தால் சிக்கல் கூடுகிறது. அதற்கு இரண்டு கட்ட கமிட் என்ற முறை வந்தது. முதல் கட்டத்தில் ஒரு கணினி மற்றவற்றிடம் தயாரா என்று கேட்கும். எல்லாம் தயார் என்றால் இரண்டாம் கட்டத்தில் கமிட் என்று அறிவிக்கும். தயார் என்று சொல்லிவிட்ட கணினி பிறகு தானாகப் பின்வாங்க முடியாது. முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். சி ஃபாரத்துக்குக் காத்திருந்த ஓசூர் விற்பனையாளரின் நிலையும் இதுதான்: சரக்கை அனுப்பியாயிற்று, திரும்பப் பெற வழியில்லை, கடைசிச் சொல் வேறொரு மாநிலத்தில் இருக்கிறது.

காத்திருந்தும் சொல் வராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தந்தவர்களில் ஒருவர் சி. மோகன். சென்னை ஐஐடியில் 1977இல் வேதிப்பொறியியல் பட்டம் பெற்று, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவராகி, 1981இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் சேர்ந்தவர். அவரும் லிண்ட்சே, ஓபர்மார்க் இருவரும் 1986இல் வெளியிட்ட கட்டுரை இரண்டு முறைகளை விளக்கியது. ஒன்றில், பதிவு எதுவும் கிடைக்காத பரிவர்த்தனை ரத்தானதாக அனுமானிக்கப்படும். மற்றதில், பதிவு கிடைக்காதது கமிட் ஆனதாக அனுமானிக்கப்படும். எந்த அனுமானத்தை வைத்துக்கொண்டாலும் அதற்கேற்ப எதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்பது மாறும். கமிட் என்று அனுமானிப்பதானால், தொடக்கத்திலேயே யார் யார் பங்கேற்கிறார்கள் என்று ஒரு பதிவு கட்டாயம். டிரான்சிட் பாஸ் இந்த இரண்டாம் வகை: நுழைவுச் சாவடியில் எல்லாம் எழுதப்பட்டது, வெளியேறும் பதிவு இல்லையென்றால் விற்பனை.

1992இல் மோகனும் நான்கு சக ஆய்வாளர்களும் ஏரிஸ் என்ற மீட்பு முறையை விரிவாக வெளியிட்டார்கள். டிபி2, எஸ்க்யூஎல் சர்வர் முதலிய டேட்டாபேஸ்கள் அதைப் பின்பற்றின. அதன் முக்கிய அம்சங்களில் ஒன்று, ரத்து செய்வதும் பதிவேட்டில் ஒரு புதிய வரியாகவே ஏறும் என்பது. பழைய வரி அழிக்கப்படுவதில்லை. அதை ஈடுசெய்யும் வரி கீழே சேர்க்கப்படுகிறது. ரத்து செய்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் மறுபடி போனாலும், எதுவரை ரத்தாயிற்று என்று தெரியும்.

இ-வே பில்

2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. சில நாட்களில் 22 மாநிலங்கள் வணிகவரிச் சோதனைச் சாவடிகளை மூடின. தமிழ்நாடும் கர்நாடகமும் அவற்றில் அடக்கம். ஜூஜூவாடியில் போக்குவரத்துத் துறையின் சாவடி தொடர்ந்தது. ஆனால் வணிகவரிக்காக வண்டியை நிறுத்திப் பாஸ் வாங்கும் வழக்கம் முடிந்தது. சி ஃபாரமும் பெட்ரோல், டீசல் போல ஜிஎஸ்டிக்கு வெளியே நின்ற சில பொருள்களுக்கு மட்டும் என்றாயிற்று.

சாவடியின் வேலையை, சரக்கு கிளம்புமுன் இணையத்தில் பதிந்து பெறும் இ-வே பில் எடுத்துக்கொண்டது. கர்நாடகம் ஏற்கெனவே இ-சுகம் என்ற பெயரில் சரக்கு விவரத்தை இணையத்தில் பதியும் முறையை நடத்திவந்தது; இ-வே பில்லையும் 2017 செப்டம்பரிலேயே சோதித்துப் பார்த்தது. 2018 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் கட்டாயம் என்று அறிவித்திருந்தார்கள்; அன்றே இணையதளம் திணறியதால் நடைமுறை தள்ளிவைக்கப்பட்டது. ஏப்ரல் 1 முதல் மாநிலம் தாண்டும் சரக்குக்கு அது கட்டாயமானது. தமிழ்நாட்டுக்குள்ளான சரக்குக்கு ஜூன் 2 முதல்.

இ-வே பில் இரண்டு பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில் அனுப்புபவர், பெறுபவர், பொருள், மதிப்பு. இரண்டாம் பகுதியில் வண்டி எண். இரண்டாம் பகுதியை நிரப்பியதும்தான் சாலையில் செல்லுபடியாகும் பில் ஆகிறது. முதல் பகுதியை மட்டும் நிரப்பி 15 நாட்களுக்குள் வண்டி எண்ணைத் தராவிட்டால் அந்தப் பதிவு பயனற்றுப்போகும். செல்லுபடிக் காலம் தொலைவைப் பொறுத்தது: முதலில் 100 கி.மீட்டருக்கு ஒரு நாள். 2021 ஜனவரி 1 முதல் 200 கி.மீட்டருக்கு ஒரு நாள்.

பில் உருவானபின் அதன் விவரங்களைத் திருத்த முடியாது. வண்டி மாறினால் வண்டி எண்ணை மட்டும் மாற்றலாம். பொருளின் மதிப்பு தவறாக விழுந்துவிட்டால் பில்லை ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். ரத்துக்கு 24 மணி நேரம் அவகாசம். அதற்குள்ளும் ஒரு தடை உண்டு: வழியில் ஓர் அதிகாரி வண்டியை நிறுத்தி அந்தப் பில்லைச் சரிபார்த்துவிட்டால் பிறகு ரத்து செய்ய முடியாது. பிறர் பார்த்துவிட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது என்ற 1976ஆம் ஆண்டின் விதி சாலையில் இந்த வடிவம் எடுத்தது. சரிபார்த்த பில்லை ரத்து செய்ய விட்டால், அதே பில்லில் சரக்கை இறக்கிவிட்டு இன்னொரு நடை அடிக்க வழி திறந்துவிடும்.

பெறுபவர் பக்கத்திலும் ஓர் அனுமானம் இருக்கிறது. தன் பெயருக்குப் போட்ட பில்லை அவர் 72 மணி நேரத்துக்குள்ளோ சரக்கு வந்து சேர்வதற்குள்ளோ, எது முந்தியோ அதற்குள் மறுக்கலாம். மறுக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும்.

2020 அக்டோபர் 1 முதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுவரவு உள்ள நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமாயிற்று. வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1இல் 5 கோடியாயிற்று. ஓசூரின் நடுத்தரப் பட்டறைகள் பலவும் அதற்குள் வந்தன. ஒவ்வொரு பில்லும் அரசின் தளத்தில் பதிந்து 64 எழுத்து கொண்ட ஓர் அடையாள எண்ணைப் பெறும். அதையும் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம். அந்தப் பில்லுக்கு இ-வே பில் நடப்பில் இருந்தால் அதுவும் முடியாது. ரத்தான பில்லின் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. 24 மணி நேரம் கடந்தால் கிரெடிட் நோட் போட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும்: பழைய பில் அப்படியே இருக்கும், அதை எதிர்க்கும் இன்னொரு ஆவணம் பக்கத்தில் நிற்கும். நீண்ட பரிவர்த்தனைகளுக்கு இதே வழியை கார்சியா-மொலினா, சேலம் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் முன்வைத்திருந்தார்கள்: முடிந்துவிட்ட படிகளை அழிக்க முடியாதபோது, ஒவ்வொரு படிக்கும் ஈடான எதிர்ப்படியைச் செய்வது.

ஜாப் ஒர்க்

விற்பனையே இல்லாமல் சரக்கு மட்டும் போய் வருவது ஓசூரின் அன்றாடம். ஓசூரில் கடைந்த 200 ஷாப்டுகளை ஹீட் ட்ரீட்மென்டுக்கு பொம்மசந்திராவுக்கு அனுப்பும்போது பட்டறை டெலிவரி சலான்தான் போடும். அதில் பொருளும் எண்ணிக்கையும் மதிப்பும் இருக்கும், வரி விழாது. ஓசூரிலிருந்து 300 கி.மீ. தள்ளிச் சென்னைக்கு அனுப்பும் சரக்குக்கு மதிப்பு 1 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இ-வே பில் வேண்டாம். ஆனால் எல்லை தாண்டி வேறு மாநிலத்துக்கு ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினால், 20 கி.மீட்டருக்குள் இருந்தாலும், மதிப்பு எவ்வளவு சிறியதானாலும் இ-வே பில் கட்டாயம்.

போன பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும். இயந்திரம் போன்ற மூலதனப் பொருளானால் மூன்றாண்டு. மோல்டு, டை, ஜிக், ஃபிக்ஸ்சர் போன்றவற்றுக்கு இந்தக் கெடு இல்லை. கெடு தாண்டினால், அனுப்பிய நாளிலேயே விற்பனை நடந்ததாக ஜிஎஸ்டி சட்டம் கொள்ளும். வரியும் அந்த நாளிலிருந்து வட்டியும் சேரும். முந்தைய கலால் வரி முறையில் இந்தக் கெடு 180 நாள். கமிட்டின் தேதியை ஓராண்டு பின்னால் கொண்டுபோய் வைக்கும் இந்த விதி டேட்டாபேஸில் இல்லாதது. அங்கே கமிட் எப்போதும் பதிவு ஏறிய கணத்தில்தான்.

கிரேயும் ராய்ட்டரும் 1990களின் தொடக்கத்தில் எழுதிய பெரும் பாடநூல், கணினி செய்யும் செயல்களை வகை பிரிக்கும்போது ரோல்பேக்குக்கு அடங்காத ஒரு வகையைத் தனியே வைக்கிறது. உலோகத்தில் துளை போடுவது அதற்கு அவர்கள் தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று. துளை விழுந்தபின் எந்தப் பதிவேட்டைப் பின்னோக்கிப் படித்தாலும் இரும்பு மூடிக்கொள்ளாது. அத்தகைய செயலை, பரிவர்த்தனை கமிட் ஆனது உறுதியானபின் மட்டுமே செய்ய வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை. ஓசூர்ப் பட்டறையில் இது ஒழுங்காகவே நடக்கிறது: ஆர்டர், டிராயிங், மாதிரிப் பொருளுக்கு ஒப்புதல் எல்லாம் கைக்கு வந்தபின்தான் முழு லாட்டும் இயந்திரத்தில் ஏறும். அதற்குப்பின் தவறு தெரிந்தால் வழி மூன்றுதான்: மறுவேலை, குறைந்த விலைக்கு ஒப்புதல், ஸ்கிராப். ஸ்கிராப்புக்கும் ஒரு பில் உண்டு.

சாவடிக் காலத்தில் கணக்கு முடியும் இடம் சாலையில் இருந்தது. முடிந்ததற்குச் சாட்சி ஓர் அதிகாரியின் முத்திரை. இன்று அது சர்வரில் இருக்கிறது. சாட்சி நேரமும் எண்ணும். ரத்து செய்யும் உரிமை முன்பு பெரும்பாலும் அதிகாரியிடம் இருந்தது. இப்போது அனுப்புபவரிடம் 24 மணி நேரத்துக்கு இருக்கிறது. தகவல் வராதபோது எந்தப் பக்கம் சாய்வது என்பதில்தான் மாற்றம் குறைவு. வெளியேறாத டிரான்சிட் பாஸ் விற்பனையாகக் கொள்ளப்பட்டது. திரும்பாத ஜாப் ஒர்க் சரக்கும் விற்பனையாகவே கொள்ளப்படுகிறது. மறுக்காத பில் ஏற்றதாகிறது. சந்தேகம் வந்தால் ரத்து என்று டேட்டாபேஸ்களில் பெரும்பாலும் வைத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அங்கே ரத்தானதை மறுபடி செய்வது எளிது. வரித் துறை சந்தேகம் வந்தால் கமிட் என்று வைத்துக்கொள்கிறது. விட்டுப்போன வரியைப் பின்னால் தேடிப் பிடிப்பது கடினம்.